முயல் ஏன் ஆமையாயிற்று?

எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்களின் வேகக் குறைவும் அதன் பரிகாரமும்

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த எமது உறவினர் ஒருவர் கனடாவுக்குத் திரும்பும் நாள் அது. கட்டுநாயக்காவுக்குச் செல்லும் வாகனம் வாயிலுக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலமே இருந்தது. மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் நிறுக்கப்பட்டுப் பெட்டிகளில் உரிய இடத்திற் சேர்ந்துவிட்டன. எஞ்சியிருந்தது ஒரேயொரு கருமம். எமது மடிக்கணினியிற் சேர்த்து வைத்திருந்த குடும்பப் படங்களையும், பழைய ஒளிநாடாக்களிலிருந்து மாற்றியெடுத்த கலியாணக் காட்சிகளையும் அவர் கொண்டுவந்த புதிய எஸ்.எஸ்.டி. பெட்டியிற் பிரதி செய்தல் வேண்டும். அக்காட்சிகளுள் ஒன்றில், மறைந்த அப்பம்மா வாயார வாழ்த்துகின்ற குரல் இருந்தது. கனடாவிற் பிறந்த பேரப்பிள்ளைகள் அக்குரலை ஒருநாளும் கேட்டவர்களல்லர்.

மொத்தம் 300 கிகாபைற்று. பெட்டியின் மேலட்டையிலோ விநாடிக்கு 1000 மெகாபைற்று வேகம் என்று கொட்டை எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. ஆகவே, தேநீர் அருந்திவிட்டு ஆறுதலாகத் தொடங்கினோம். கணினித் திரையிலே தோன்றிய செய்தியைக் கண்டதும் எமக்குத் திகைப்பு உண்டாயிற்று. இன்னும் 2 மணித்தியாலமும் 10 நிமிடமும் செல்லும் என்று அது அறிவித்தது!

முயல் என்று நம்பி வாங்கியது ஆமையாய் ஊர்ந்தது. பெட்டி பழுதா, கணினி பழுதா, அன்றேல் நாம் செய்த முறைதான் பிழையா? அன்று எமக்கு நேர்ந்த இச்சங்கடம் இன்று பல குடும்பங்களில் நேர்வதாகும். ஆய்வுக் கட்டுரையை இறுதி நாளிற் பிரதி செய்யும் பல்கலைக்கழக மாணவனும், கலியாணப் படங்களை ஒப்படைக்க வேண்டிய படப்பிடிப்பாளரும் இதனை அறிவர். ஆகவே இவ்வேகக் குறைவுக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வீட்டிலிருந்தே செய்யத்தக்க பரிகாரங்களை இங்கு கூற முற்படுகின்றோம்.

எண்கள் தரும் மயக்கம்

முதற்கண் ஒரு சொல்லின் வேறுபாட்டை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பிற்று என்பது வேறு. பைற்று என்பது வேறு. எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்தது ஒரு பைற்று. கேபிளின் வேகத்தைக் கூறுவோர் பிற்றிற் கூறுவர். கோப்பின் அளவைக் கூறுவோர் பைற்றிற் கூறுவர். இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர், இறாத்தலையும் கிலோவையும் ஒன்றெனக் கொண்டு சந்தைக்குப் போனவரை ஒப்பர்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. 2.0 முறையின் வேகம் விநாடிக்கு 480 மெகாபிற்று. எட்டால் வகுத்தால் 60 மெகாபைற்று. செய்திப் பரிமாற்றத்துக்குரிய கட்டுப்பாட்டுச் செலவெல்லாம் போக, கையிற் கிடைப்பது 35 முதல் 40 மெகாபைற்று வரையே. 2008இல் வந்த யூ.எஸ்.பி. 3.0 முறை விநாடிக்கு 5 கிகாபிற்று கொண்டது. எட்டுப் பிற்றுக்களை அனுப்புதற்குப் பத்துப் பிற்றுக்களைச் செலவிடும் முறை இதிற் கையாளப்படுவதால், ஏட்டளவில் 500 மெகாபைற்றும், நடைமுறையில் 400 முதல் 450 வரையும் பெறலாம். அதன் பின் வந்த 10 கிகாபிற்று முறையில் ஏறத்தாழ 1000 மெகாபைற்று கிடைக்கும். 20 கிகாபிற்று முறையில் 2000 வரை கிடைக்கும்.

இவ்வேறுபாட்டின் பயனை ஓர் உதாரணத்தாற் காணலாம். 100 கிகாபைற்று அளவுள்ள படங்களை 40 மெகாபைற்று வேகத்திற் பிரதி செய்ய ஏறத்தாழ 42 நிமிடம் வேண்டும். 400 மெகாபைற்று வேகத்தில் அதற்கு நான்கு நிமிடம் போதும். 1000 மெகாபைற்று வேகத்திலோ இரண்டு நிமிடமும் ஆகாது.

பெயர்களிலும் ஒரு குழப்பம் உண்டு. 5 கிகாபிற்று முறை முதலில் யூ.எஸ்.பி. 3.0 எனப்பட்டது, 2013இல் 3.1 தலைமுறை 1 எனப் பெயர் மாறியது, 2017இல் 3.2 தலைமுறை 1 என மீண்டும் மாறியது. பெயர் மூன்றாயினும் ஆள் ஒருவரே. ஆகவே பெட்டியிலுள்ள இலக்கத்தைக் கண்டு மயங்காது, எத்தனை கிகாபிற்று என்று கேட்டு வாங்குதலே அறிவுடைமை.

குறுகிய குழாய் எங்கே?

தோட்டத்துக்கு நீர் இறைப்பவர்கள் இவ்வுண்மையை நன்கு அறிவர். கிணற்றிலே நீர் நிறைய உண்டு, இறைக்கும் இயந்திரமும் வலியது, வாய்க்காலும் அகன்றது. ஆயினும் இடையிலே ஒரு முழ நீளக் குழாய் ஒடுங்கியிருப்பின், அக்குழாய் விடுகின்ற நீரே பயிருக்குச் சென்று சேரும். தரவுப் பரிமாற்றமும் இத்தகையதே. தரவு புறப்படும் இடம், கணினியின் வாய், இடையிலுள்ள கேபிள், எஸ்.எஸ்.டி. பெட்டியினுள் உள்ள பாலச் சில்லு, அதற்கும் உள்ளேயுள்ள நினைவகச் சில்லுகள் ஆகிய ஐந்தும் ஒரு சங்கிலியின் வளையங்கள். இவற்றுள் எது மெதுவானதோ அதன் வேகமே முழுச் சங்கிலியின் வேகமாகும்.

பலர் மறந்துவிடுவது முதல் வளையத்தை. பழைய மடிக்கணினியிற் சுழலும் வன்தட்டு இருக்குமாயின், அது விநாடிக்கு 100 மெகாபைற்று அளவிலேயே தரவைத் தரவல்லது. அதிலிருந்து எடுத்து, எத்துணை விலையுயர்ந்த எஸ்.எஸ்.டி.யில் இட்டாலும் வேகம் 100ஐத் தாண்டாது. கமராவின் நினைவட்டையிலிருந்து பிரதி செய்யும்போதும், பழைய கைத்தொலைபேசியிலிருந்து எடுக்கும்போதும் நிலைமை இதுவே. கொடுப்பவன் கைசுருக்கினால் வாங்குபவனை நோவது முறையன்று.

கேபிள் செய்த மாயம்

இப்போது எமது வீட்டுக் கதைக்கு மீள்வோம். நாம் பெரியவர்கள் மூவர் கணினியைச் சூழ்ந்து நின்று, அதனை நிறுத்தித் தொடங்குவதும் மீண்டும் நிறுத்துவதுமாக இருந்தோம். பக்கத்து அறையிற் படித்துக்கொண்டிருந்த உயர்தர வகுப்பு மாணவியாகிய எமது பெறாமகள் வந்து எட்டிப் பார்த்தாள். வேகம் 38 மெகாபைற்று என்பதை ஒருகணம் நோக்கினாள்.

“சித்தப்பா, இது போன் சார்ஜர் வயர் அல்லவா?” என்றாள்.

உண்மைதான். பெட்டியுடன் வந்த கேபிள் பயணப் பெட்டியின் அடியிற் போய்விட்டபடியால், மேசையிற் கிடந்த கைத்தொலைபேசிக் கேபிளை எடுத்து மாட்டியிருந்தோம். இரண்டு முனையும் பொருந்தின, விளக்கும் எரிந்தது, வேறென்ன வேண்டும் என்றிருந்தோம்.

டைப் சி எனப்படும் நீள்வட்டச் செருகி 2014இல் வரையறுக்கப்பட்டது. அதன் வாயினுள் 24 தொடுகைப் புள்ளிகள் உள்ளன. அவற்றுள் யூ.எஸ்.பி. 2.0 முறைக்குரிய கம்பிகள் வேறு. அதிவேக முறைக்குரிய கம்பிகள் வேறு. மின்னேற்றுவதற்கெனச் செய்யப்படும் கேபிள்கள் பலவற்றில் அதிவேகக் கம்பிகள் வைக்கப்படுவதேயில்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். விலையுயர்ந்த தொலைபேசிகளுக்கும் இது விலக்கன்று. 2023இல் வெளிவந்த ஐபோன் 15 புரோ 10 கிகாபிற்று வேகத்தில் இயங்கவல்லதாயினும், அதன் பெட்டிக்குள் வைக்கப்பட்ட கேபிள் யூ.எஸ்.பி. 2.0 வேகத்துக்கே உரியது. மின்னேற்றத்திற்கு அது போதும், தரவுக்குப் போதாது.

பயணப் பெட்டியைத் திறந்து உரிய கேபிளை எடுத்து மாட்டினோம். எமது கணினியின் வாய் 5 கிகாபிற்று உடையதாகையால் மேலட்டையிற் கண்ட 1000 கிடைக்கவில்லை. எனினும் 400 கிடைத்தது. பதின்மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. வாகனம் வருமுன் அப்பம்மாவின் குரல் பயணப் பெட்டியில் ஏறிவிட்டது.

கேபிளைப் பற்றி இன்னும் சில கூறுதல் தகும். நீளம் மிகுந்தால் சமிக்ஞை நலியும். 10 கிகாபிற்று வேகத்துக்கு ஒரு மீற்றருக்கு மேற்படாத கேபிளே நன்று. பழைய சதுரச் செருகியில் யூ.எஸ்.பி. 3 முறைக்கென ஐந்து மேலதிகத் தொடுகைகள் உண்டு. செருகியை அரைகுறையாகவோ மிக மெதுவாகவோ தள்ளினால், பழைய நான்கு தொடுகைகள் மட்டும் முந்திப் பொருந்தி, கணினி அதனை 2.0 எனக் கணக்கிற் கொண்டுவிடுவதுண்டு. அவ்வேளை கழற்றி, ஒரே மூச்சில் உறுதியாகச் செருகினால் வேகம் திரும்பிவிடும். வாயின் உட்புறம் நீல நிறமாயின் அது பெரும்பாலும் 3.0 என்பது பொதுவான அடையாளம். ஆயினும் நிறம் கட்டாயவிதி அன்று.

டைப் சி செருகியை மறுபக்கமாகத் திருப்பிச் செருகிப் பார்ப்பது ஓர் எளிய சோதனை. ஒரு பக்கத்தில் வேகமாகவும் மறுபக்கத்தில் மெதுவாகவும் இயங்கினால், தொடுகைப் புள்ளிகளுள் ஒருபகுதி அழுக்கேறியோ தேய்ந்தோ இருப்பது துணிபு. திருப்பும்போது வேறு கம்பிச் சோடி பயன்படுவதே அதற்குக் காரணம்.

ஹப் எனப்படும் பல்வாய்ப் பெட்டியின் வழியே இணைப்பதும் ஒரு குறையே. ஒரே வாயின் வேகத்தையும் மின்னையும் அங்கே பலர் பங்கிடுகின்றனர். யூ.எஸ்.பி. 2.0 வாய் 500 மில்லியம்பியரும், 3.0 வாய் 900 மில்லியம்பியரும் வழங்குவன. மின் போதாதவிடத்து எஸ்.எஸ்.டி. இடையிடையே அறுந்து மீண்டும் இணைவதுண்டு. ஆகவே கணினியின் வாயிலேயே நேராக இணைத்தல் நலம். மேசைக்கணினியாயின் பின்புறத்து வாயே உகந்தது.

20 கிகாபிற்று எனக் கூறி விற்கப்படும் பெட்டியை வாங்குவோர் மேலுமொன்றைக் கவனித்தல் வேண்டும். அம்முறையைப் பல கணினிகள் ஏற்பதில்லை. யூ.எஸ்.பி. 4 எனப் பெயர் பெற்ற புதிய கணினிகளுக்குங்கூட அது கட்டாயமன்று. ஏற்காத கணினியில் அது 10 கிகாபிற்று பெட்டியாகவே நடக்கும். பழுதென்று எண்ணி விற்பனையாளருடன் வழக்காடுதல் வீண்.

சில்லுக்குள் நிகழ்வது யாது?

கேபிளும் வாயும் செவ்வையாயிருந்தும், முதலிற் பறந்து பின்னர்ப் படுத்துவிடும் எஸ்.எஸ்.டி.க்கள் உள. அதன் காரணம் உள்ளே இருக்கின்றது. மாணவர்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் நன்று.

இச்சேமிப்பகங்களுக்கு உயிர்நிலையாகிய பிளாஷ் நினைவகத்தைக் கண்டவர் யப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோகா. தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய அவர், 1984இல் அதன் முதல் வகையை உலகுக்கு அறிவித்தார், இன்று எஸ்.எஸ்.டி.க்களில் உள்ள நான்ட் வகை 1987இல் வெளிப்படுத்தப்பட்டது. ஒரு பெரும் பகுதியை ஒரே நொடியில் அழிக்கும் அதன் இயல்பு, கமராவின் மின்னல் விளக்கை நினைவூட்டியமையாற் சகா ஒருவர் அதற்குப் பிளாஷ் எனப் பெயரிட்டார்.

ஒவ்வொரு நினைவுக் கலமும் காவலிப் படைகளால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய சிறை எனலாம். அதற்குள் அடைபட்ட இலத்திரன்களின் அளவே அங்கு எழுதப்பட்ட செய்தி. ஒரு கலத்தில் ஒரு பிற்று எழுதுவதாயின், உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளை அறிந்தாற் போதும். மூன்று பிற்று எழுத எட்டு நிலைகளையும், நான்கு பிற்று எழுதப் பதினாறு நிலைகளையும் பிழையின்றி வகுத்தறிதல் வேண்டும். குடத்திலே நீர் உண்டா இல்லையா என்று எவரும் உடனே கூறலாம். பதினாறு கோடுகளுள் எந்தக் கோடுவரை நீர் நிற்கின்றதென அளந்து ஊற்றுவதற்கோ நேரம் வேண்டும். மலிவும் பெருங்கொள்ளளவும் கருதி நான்கு பிற்று முறையிற் செய்யப்படும் சேமிப்பகங்கள் எழுதுவதில் மெதுவானவை.

இம்மெதுவை மறைப்பதற்கு உற்பத்தியாளர் ஓர் உபாயம் செய்துள்ளனர். வெறுமையாயுள்ள கலங்களுள் ஒரு பகுதியை ஒரு பிற்று முறையிலேயே பயன்படுத்தி, வரும் தரவை முதலில் அங்கே விரைந்து வாங்கிக்கொள்வர். பின்னர் ஓய்வு கிடைக்கும்போது அதனைச் செறிவாக மாற்றி எழுதுவர். விருந்தினர் வந்து குவியும்போது பொருள்களையெல்லாம் முன்விறாந்தையில் இறக்கி வைத்து, ஆறுதலாக உள்ளறைகளில் அடுக்குவது போல்வது இது. விறாந்தை நிறைந்துவிட்டால் என் செய்வது? அதன்பின் வரும் ஒவ்வொரு பொருளும் உள்ளறையில் அடுக்கப்படும்வரை வாயிலிற் காத்து நிற்க நேரிடும். அப்போது மலிவான சேமிப்பகங்கள் சிலவற்றின் வேகம் 100 மெகாபைற்றுக்கும் கீழே வீழ்ந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, மேலட்டையிற் காணும் வேகம் விறாந்தையின் வேகமேயன்றி வீட்டின் வேகமன்று. மற்றொன்று, சேமிப்பகம் நிறைய நிறைய விறாந்தையும் சிறுத்துப்போம். ஆகவே ஐந்திலொரு பங்கையேனும் வெறுமையாய் விட்டுவைத்தல் வேண்டும். பெருந்தொகைக் கோப்புகளைப் பகுதி பகுதியாகப் பிரதி செய்து, இடையே சிறிது நேரம் கழற்றாமல் ஓய விடுதலும் பயன் தரும்.

பிளாஷ் கலத்திற்கு வேறோர் இயல்பும் உண்டு. எழுதிய இடத்தின்மேல் நேரே எழுத முடியாது. அது அடங்கிய பெருந்தொகுதி முழுவதையும் அழித்த பின்னரே புதிதாக எழுதலாம். நாம் அழித்த கோப்புகளின் இடம் இனி வேண்டியதில்லை என்று கணினி முன்கூட்டியே அறிவிக்குமாயின், சேமிப்பகம் ஓய்வு வேளையில் அவ்விடத்தைத் துப்புரவு செய்து வைக்கும். ட்ரிம் என்னும் கட்டளை இதற்கென உள்ளது. எல்லாப் பெட்டிகளும் இக்கட்டளையை யூ.எஸ்.பி. வழியே உள்ளே விடுவதில்லை. நீண்டகாலம் எழுதியும் அழித்தும் வந்த பெட்டி தளர்ந்துபோனால், உள்ளதை வேறிடத்திற் பிரதி செய்துவிட்டு, ட்ரிம் செல்லக்கூடிய கணினியில் முழுமையாக வெறுமைப்படுத்தினால் அது பெரும்பாலும் பழைய வேகத்தை மீளப் பெறும்.

வெப்பமும் ஒரு பகை

வேகம் மிகுந்தால் வெப்பமும் மிகும். சில்லின் வெப்பநிலை எழுபது எண்பது பாகை செல்சியஸை அடையும்போது, தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சேமிப்பகம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது பழுதன்று, தற்காப்பு. குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அளந்த வேகத்தைச் சித்திரை வெயிலில், மின்விசிறியுமில்லாத அறையில் எதிர்பார்த்தல் ஆகாது. மெத்தையின் மீதோ துணியின் மீதோ பெட்டியை வைக்காது, ஓட்டுத்தரையிலோ உலோகத் தட்டிலோ வைத்தால் வெப்பம் எளிதில் வெளியேறும். அதற்கெனத் தைத்த தோலுறையைப் பிரதி செய்யும் வேளையிலாவது கழற்றிவிடுதல் நன்று.

சிறு கோப்புகளின் பெருந்தொல்லை

ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிச் செல்வதற்கும், அதே அரிசியை ஆயிரம் பொட்டலங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் கணக்கப்பிள்ளையிடம் சீட்டுப் பெற்றுச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு யாவரும் அறிந்ததே. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் பதிதல், இடம் ஒதுக்கல், நேரம் குறித்தல் எனப் பல வேலைகள் உள. 10 கிகாபைற்று அளவுள்ள ஒரே படக்காட்சி சில விநாடிகளிற் சென்றுவிடும். அதே அளவுள்ள இலட்சம் சிறு கோப்புகளோ பல நிமிடங்களை விழுங்கிவிடும். வைரசுகளைத் தேடும் காவற் செயலி ஒவ்வொன்றையும் திறந்து பார்க்குமாயின் தாமதம் மேலும் வளரும். இத்தகைய சிறு கோப்புகளை சிப் முறையில் ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புதலே தக்க வழி.

பெட்டியினுள் உள்ள பாலச் சில்லின் தரமும் இங்கே வெளிப்படும். பழைய முறையில் அது ஒரு கட்டளையை முடித்த பின்னரே அடுத்ததை வாங்கும். யூ.ஏ.எஸ்.பி. எனப்படும் புதிய முறையிற் பல கட்டளைகளை வரிசையாகப் பெற்று ஒருங்கே கையாளும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலாக இதற்குரிய வசதி கணினியிலேயே அமைந்துள்ளது. உள்ளே வைக்கும் எஸ்.எஸ்.டி.யைத் தனியாக வாங்கிக் கூட்டில் இட்டுப் பயன்படுத்துவோர், கூடு யூ.ஏ.எஸ்.பி. அறிந்ததா எனக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

விண்டோஸ் கணினியில் மற்றொரு நுட்பமும் உண்டு. 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், வெளியிலிருந்து இணைக்கும் சேமிப்பகங்களுக்குக் குயிக் ரிமூவல் என்னும் விதியே இயல்பாக விதிக்கப்பட்டுள்ளது. எந்நேரமும் கழற்றினாலும் தரவு கெடாதிருக்கும் பொருட்டு, எழுதவேண்டியதை உடனுக்குடன் எழுதிவிடுவது இதன் நோக்கம். டிவைஸ் மனேஜரிற் சென்று இதனைப் பெற்றர் பெர்போமன்ஸ் என மாற்றினால் எழுதும் வேகம் கூடுவதுண்டு. ஆனால் அதன்பின் முறைப்படி விடுவிக்காமற் கழற்றுதல் பேராபத்து. மின்தடையும் அவ்வாறே. 2022இல் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டுக் கண்ட எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மின்கலமுள்ள மடிக்கணினியிலன்றி, மேசைக்கணினியில் இம்மாற்றத்தைச் செய்தல் எமக்கு உடன்பாடன்று.

போலிகளிடம் எச்சரிக்கை

இணையச் சந்தைகளில் 16 ரெராபைற்று எஸ்.எஸ்.டி. எனக் கூறி, நம்ப முடியாத மலிவு விலையிற் சில பெட்டிகள் விற்கப்படுகின்றன. உடைத்துப் பார்த்தால், உள்ளே இருப்பது கைத்தொலைபேசியில் இடும் சிறிய நினைவட்டை ஒன்றே. கொள்ளளவைப் பொய்யாகக் கூறும்படி அது திருத்தப்பட்டிருக்கும். மெதுவாய் இயங்குவது அதன் சிறிய குற்றம். உண்மைக் கொள்ளளவு நிறைந்த பின்னர் எழுதுவன யாவும் சுவடின்றி மறைந்துபோவதே பெருங்குற்றம். புதிதாக வாங்கிய பெட்டியை முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சோதனையிற் தேறிய பின்னரே அருமையான படங்களை அதில் இடுக.

நாடி பிடித்து நோய் அறிதல்

வைத்தியர் நாடியைப் பிடித்து நோயை அறிவது போல, வேகம் போகும் போக்கைக் கொண்டு காரணத்தைத் துணியலாம்.

தொடக்கம் முதல் இறுதிவரை 35க்கும் 40க்கும் இடையில் ஒரே சீராய் நின்றால், குற்றம் கேபிளிலோ வாயிலோ உள்ளது. மாக் கணினியின் தகவற் பக்கத்தில் இணைப்பின் வேகம் எழுதப்பட்டிருக்கும். 480 என்று கண்டால் ஐயம் தீர்ந்தது.

வேகமாய்த் தொடங்கி, பல கிகாபைற்று சென்றபின் படியிலிருந்து தவறியது போல் ஒரேயடியாக வீழ்ந்து அங்கேயே நின்றால், விறாந்தை நிறைந்துவிட்டது என்க.

ஏறுவதும் இறங்குவதுமாகத் தளர்ந்து, தொட்டுப் பார்த்தாற் பெட்டி கொதித்தால், வெப்பமே காரணம்.

பெரிய கோப்பு விரைந்தும் சிறிய கோப்புகள் ஊர்ந்தும் சென்றால், அது கோப்புகளின் இயல்பேயன்றிப் பெட்டியின் குற்றமன்று.

வேறு கணினியில் விரைந்தோடினால், குறை முதற் கணினியில். கிறிஸ்ரல் டிஸ்க் மார்க் போன்ற அளவைச் செயலியில் நல்ல வேகம் காட்டிப் பிரதியில் மட்டும் தளர்ந்தால், தரவு புறப்படும் இடத்தைச் சோதித்தல் வேண்டும்.

வேகம் பூச்சியத்துக்கு வீழ்ந்து வீழ்ந்து எழுந்தாலோ, இணைப்பு அறுந்து அறுந்து சேர்ந்தாலோ, வேகத்தை மறந்துவிடுக. அப்போது செய்யத்தக்கது ஒன்றே: இன்றியமையாதவற்றை முதலில் வேறிடத்துக்கு மாற்றுதல். வாசிக்க முடியாது திணறும் கலங்களின் அவலக் குரலாகவும் அது இருத்தல் கூடும்.

எத்தருணத்திலும் ஒரு காரியம் செய்யற்க. பொறுமையிழந்து, பாதி வழியிற் பெட்டியைப் பிடுங்கற்க. மெதுவாய்ப் போகும் பிரதி காலந்தாழ்த்தியேனும் கரை சேரும். பிடுங்கிய பிரதியோ உள்ளதையும் கெடுத்துவிடும்.

வேகம் எதற்காக?

இறுதியாக ஒன்று. எஸ்.எஸ்.டி.யில் இட்டுவிட்டோம், இனி அழிவில்லை என்று இறுமாந்திருத்தல் தகாது. சிறைப்பட்ட இலத்திரன்கள் காலப்போக்கில் மெல்லக் கசிந்து வெளியேறுவன. ஜெடெக் என்னும் நியம அமைப்பு, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த வீட்டுப் பாவனைச் சேமிப்பகம் மின்னின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு காலம் தரவைக் காத்தல் வேண்டும் என்றே விதித்துள்ளது. புதிய பெட்டி அதனினும் நெடுங்காலம் காக்கும். எனினும் அலுமாரியிற் பூட்டிவைத்துப் பத்தாண்டின் பின் திறக்கும் பெட்டகமாக அதனைக் கருதலாகாது. ஆண்டுக்கொரு முறையேனும் இணைத்து, படங்களைத் திறந்து பார்த்தல் வேண்டும். அதற்கும் மேலாக, ஒரு பிரதிக்கு இரண்டு பிரதியாக, ஒரே வீட்டிலன்றி இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும்.

ஒரே பிரதியின் துயரத்தை எமக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களுடன், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பராயின. எமது வீட்டுப் பழைய படங்களும் ஒளிநாடாக்களும் அத்தகையனவே. அவற்றிற்கு வேறு பிரதி உலகில் எங்கும் இல்லை. பிரதி செய்யும் வேலை மணிக்கணக்கில் நீளும்போது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கின்றோம். நாளை என்பது மாதமாகி, மாதம் ஆண்டாகின்றது. பதின்மூன்று நிமிட வேலையாயின் இன்றே செய்துவிடுகின்றோம். வேகத்தின் மெய்யான பயன் இதுவேயன்றோ?

கனடாவிலிருந்து சென்ற கிழமை தொலைபேசியிற் பேசிய எமது உறவினர், பிள்ளைகள் அப்பம்மாவின் வாழ்த்தை மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டதாகக் கூறினார். அந்தப் பெட்டியின் இரண்டாவது பிரதியொன்று எமது அலுமாரியில் இருக்கின்றது. உரிய கேபிளும் அதனுடனேயே, ஒரு நூலாற் கட்டப்பட்டு இருக்கின்றது. அந்த நூலைக் கட்டியவள் எமது பெறாமகள்.